மெல்ல வரும் மாற்றம்

காரைக்காலில் அரசலாற்றங்கரைக்கு அணித்தே எங்கள் இல்லம் உளது. சென்ற கோடை விடுமுறையில் பாரிஸ் மாநகரினின்று என் அத்தை ஈராண்டுகளுக்குப் பின் வந்திருந்தார். வந்த அன்றே என்னைத் தனியே அழைத்து, "தம்பி, அண்ணிக்குப் பக்கத்தில் வைத்த செம்பு தெரியவில்லையே, நீ கவனிக்கவில்லையா?" என்று வினவினார். மருத்துவர் சோதித்து, கண்நீர் அழுத்த நோய் என்றார். போன பார்வை மீளாது. எஞ்சியதைக் காக்கலாம் என்பதே அவர் தந்த ஆறுதல்.

நாடோறும் அன்னையின் முகத்தில் விழிக்கும் யான் ஏன் அறிந்திலேன்? இவ்வினா என்னை உறங்கவொட்டாது வருத்திற்று. அந்நாட்களில் பௌதிகப் பாடத்திற்கென வானியல் நூல்களைப் படித்துக்கொண்டிருந்தேன். விடை ஆண்டுக் கிடைத்தது.

காமாக் கதிர் வெடிப்பு என்பது விண்ணின் தொலைவிடங்களில் திடீரெனத் தோன்றி மறையும் பேரொளி. நம் வாயுமண்டலம் அக்கதிரைத் தடுத்துவிடுதலின், கருவிகளை விண்ணிலேயே நிறுத்தல் வேண்டும். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கர் ஏவிய வேலாத் துணைக்கோள்கள், 1967 ஜூலை 2இல் முதல் வெடிப்பைப் பதிந்தன. நம் நாட்டார் 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவினின்று ஏவிய அஸ்ட்ரோசாட், 2022ஆம் ஆண்டிற்குள் ஐந்நூறு வெடிப்புகளைக் கண்டது. இவற்றுட் பெரும்பாலன சில வினாடிகளிலோ சில நிமிடங்களிலோ அடங்குவன.

ஆயின் மணிக்கணக்கில் நீளும் வெடிப்புகளும் உள. அவற்றைக் காண்டல் அரிது. காவற்கருவி இக்கணத்தில் விழும் கதிர்களின் எண்ணிக்கையைச் சற்று முந்தைய வினாடிகளின் சராசரியோடு ஒப்பிடும். சட்டென உயர்ந்தால் மணியடிக்கும். மெல்ல உயரும் ஒளியோ அச்சராசரியையும் உடன் உயர்த்திக்கொண்டு, அதனுள்ளேயே மறைந்துவிடும். அன்றியும், தாழ்ந்து சுற்றும் துணைக்கோள் ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒருமுறை புவியை வலம் வருதலின், புவியே இடையிடையே வானை மறைக்கும். ஒரே நிகழ்ச்சி பல துண்டுகளாய்த் தோன்றும்.

2025 ஜூலை 2இல் இதுவே நேர்ந்தது. ஃபெர்மித் தொலைநோக்கி ஒரே திசையினின்று மும்முறை எச்சரித்தது. சீனரின் ஐன்ஸ்டீன் புரோப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஒருநாள் முன்னரே அங்கு எக்ஸ் கதிர் எழுந்தமை புலனாயிற்று. புவியினின்று சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் விலகி, அதன் மறைப்பின்றி நிற்கும் விண்ட் விண்கலத்தின் பதிவும் துணை நின்றது. துண்டுகளை ஒன்றுசேர்த்த பின்னரே, ஏழு மணிக்கு மேல் நீடித்த ஒரே வெடிப்பு அஃதெனத் தெளிந்தனர். கருந்துளை யொன்று விண்மீனை விழுங்கியதன் விளைவு அது என்பது அறிஞர் கூறும் விளக்கங்களுள் ஒன்று.

யானும் அக்கருவி போன்றே இருந்தேன். இன்றைய அன்னையை நேற்றைய அன்னையோடு மட்டும் ஒப்பிட்டேன். நாளுக்கு நாள் வேற்றுமை தோன்றவில்லை. விலகியிருந்த அத்தைக்கோ ஈராண்டு மாற்றமும் ஒருசேரத் தெரிந்தது.

இப்பொழுது திங்கள்தோறும் முதல்நாளில் அன்னையின் பக்கத்தே விரலை நீட்டி, எவ்விடத்தே புலப்படுகிறதென்று கேட்டுக் குறித்துவைக்கின்றேன். ஒப்பிடுவது சென்ற திங்களின் குறிப்போடு அன்று, ஏட்டின் முதற்பக்கத்தோடு. நண்பர்காள், நும் இல்லத்திலும் அத்தகைய ஏடொன்று இருத்தல் நலம்.