எங்கே சிக்கியிருக்கிறது?

கணினிக்கு வரும் கோளாறுகளில் மிகவும் கையறு நிலைக்குத் தள்ளுவது, திரை வராமல் போவதுதான். ஒலி வரவில்லையென்றால் திரையைப் பார்த்துச் சரிசெய்யலாம். இணையம் வரவில்லையென்றாலும் அப்படியே. திரையே வரவில்லையென்றால் எதைப் பார்த்து எதைச் சரிசெய்வது?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த பதிப்புக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். என் மேசைக்கணினி அதற்கும் மூத்தது. நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை, லினக்ஸுக்கு மாறினேன். நிறுவும் வேலை சிரமமில்லாமல் முடிந்தது. மறுபடி இயக்கியதும் மதர்போர்டின் சின்னம் எட்டிப் பார்த்தது, மறைந்தது, பிறகு ஒரே இருட்டு. விசிறி சுற்றியது, கீபோர்டின் விளக்கு எரிந்தது. திரை மட்டும் இல்லை.

காரணம் தேடிப் போனால் கொஞ்சம் வரலாறு வருகிறது. லினக்ஸில் திரையின் அளவையும் தெளிவையும் அமைக்கும் பொறுப்பு முன்பெல்லாம் எக்ஸ் சர்வர் என்ற தனி நிரலிடம் இருந்தது. 2009வாக்கில் தொடங்கி அந்தப் பொறுப்பை இயங்குதளத்தின் மையமான கர்னலே எடுத்துக்கொண்டது. அதனால் படம் துடிக்காமல் வருகிறது. கர்னலோடு வரும் டிரைவருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ஒத்துப்போகவில்லையென்றால் தொடக்கத்திலேயே இருட்டும் வருகிறது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் கர்னலை அழைக்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், ‘திரையைத் தொடாதே, இருப்பது இருக்கட்டும்’ என்று கர்னலுக்குச் சொன்னதாகிவிடும். சேர்த்தேன். திரை வந்தது, பூதாகரமான எழுத்துகளோடு. சாளரத்தைப் பிடித்து இழுத்தால் யோசித்து யோசித்து நகர்ந்தது. கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, அது வரைய வேண்டிய புள்ளிகளையெல்லாம் செயலியே வரைந்துகொண்டிருந்தது.

கார்டைத் தயாரித்தவரே தரும் மூடிய டிரைவரை நிறுவினேன். மறுபடியும் அதே பூதாகர எழுத்துகள். அப்போதுதான் பதிவேட்டைத் திறந்தேன். லினக்ஸ் விழித்தெழும்போது செய்யும் ஒவ்வொரு வேலையையும் வரி வரியாக எழுதி வைக்கிறது. டெர்மினலில் ‘ஜர்னல்சிடிஎல்’ என்று கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடும். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே என் வரி இருந்தது: டிரைவர் வந்தது, அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கச் சாவி இல்லை, நிராகரித்தேன்.

செக்யூர் பூட் என்ற காவல் அது. நம்பகமான சாவியால் கையொப்பமிடாத எதையும் அது கர்னலுக்குள் விடாது. காவலையே நீக்கிவிடலாம், அல்லது நாமே ஒரு சாவியை உருவாக்கி, டிரைவரில் கையொப்பமிட்டு, அந்தச் சாவியைக் கணினியில் பதிந்துவிடலாம். இரண்டாவதைச் செய்தேன். அடுத்த முறை இயக்கியபோது ஒரு நீலத் திரை வந்து கடவுச்சொல் கேட்டது. விண்டோஸில் நீலத் திரையைக் கண்டாலே வயிறு கலங்கிப் பழகியவனுக்கு, நல்ல காரியத்துக்காக வரும் நீலத் திரை புதிது. அதன் பிறகு எல்லாம் தெளிவு.

இந்த அலைச்சலில் எனக்கு நினைவுக்கு வந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1980வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் அவர் வேலை பார்த்தபோது, ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியைக் கொடுத்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கும். பழைய அச்சுப்பொறியின் நிரலில், காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி ஸ்டால்மன் மாற்றி வைத்திருந்தார். புதியதன் மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த ஒருவரும் வெளியே தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்ததால் மறுத்துவிட்டார். 1983இல் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டம் பிறந்ததற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம். இலவசமாக ஒன்றும் அவர் கேட்கவில்லை. எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். கட்டற்ற மென்பொருள் என்ற பெரிய பேச்சின் வேரில் இருப்பது இந்தச் சின்னக் கேள்விதான். அதுவும் ஒரு டிரைவரைப் பற்றிய கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தரப்படாத இடங்களில் மனிதர்கள் என்னவெல்லாம் செய்தார்கள் என்பதற்கு ‘நுவோ’ சாட்சி. என்விடியா கார்டுகளுக்காகத் தன்னார்வலர்கள் எழுதிய திறந்த டிரைவர் அது. கையேடு கிடையாது. மூடிய டிரைவர் ஓடும்போது கார்டின் எந்த முகவரியில் என்ன எண்ணை எழுதுகிறது என்று ஒட்டுக்கேட்டு, அதிலிருந்து அர்த்தம் பிரித்தார்கள். பக்கத்து வீட்டுச் சமையலை வாசனையை வைத்தே பக்குவம் கண்டுபிடிப்பது போன்ற வேலை. 2010இல் அது கர்னலுக்குள் சேர்ந்தது. ஆனால் 2014இல் வந்த 900 வரிசைக் கார்டுகளிலிருந்து, தயாரிப்பாளர் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் எனும் உள்நிரல் மட்டுமே கார்டின் உள்பகுதிகளில் ஓடும் என்றாகிவிட்டது. கார்டு விழிக்கும்போது இருக்கும் குறைந்த வேகத்திலேயே நுவோ நின்றுபோனது. 2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் பகுதியைத் திறந்து வெளியிட்டது. ஆனால் அது 2018இல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும்தான்.

என் கணினியிலும் பூட்டு இருந்தது, அந்தக் கார்டுகளிலும் பூட்டு இருக்கிறது. தொழில்நுட்பம் இரண்டிலும் ஒன்றே: சாவி, கையொப்பம், சரிபார்ப்பு. என் கணினியில் என் சாவியைச் சேர்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள். கார்டில் அந்த வழி இல்லை. பூட்டு இருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். சாவிக்கொத்தில் வீட்டுக்காரனுக்கும் ஒன்று உண்டா என்பதுதான் கேள்வி.

திறந்த மென்பொருளுக்கு மாறினால் தொல்லை தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மூடிய டிரைவர் அதற்கேற்ப மீண்டும் தொகுக்கப்பட வேண்டும். சில சமயம் அது தவறும், பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போக வேண்டியிருக்கும். கர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவருக்கு இந்தப் பாடு இல்லை. உள் இணைப்புகளை மாற்றுகிறவரே அந்த டிரைவரையும் திருத்தித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். 2015 முதல் கர்னலோடு வரும் ஏஎம்டியின் டிரைவர் அப்படித்தான் காலத்தோடு நடந்து வருகிறது. அதன் ஃபர்ம்வேரும் மூடியதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லை எல்லாரிடமும் உண்டு; எங்கே கோடு போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அடுத்த கார்டுக்காகச் சென்னை ரிச்சி தெருவில் விலை கேட்டபோது, எத்தனை ஜிபி என்பதற்கு முன்னால் அதன் டிரைவர் கர்னலோடு வருமா என்று கேட்டேன். “எல்லாமே வரும் சார், கேம் நல்லா ஓடும்” என்றார் கடைக்காரர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அட்டைப்பெட்டியின் நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.