நியூயார்க் நகரின் இரு செய்தி நிலையங்கள்

பண்டைக் காலத்தில் முரசறைவோன் தெருத் தெருவாகச் சென்று அரசன் ஆணையை அறிவித்தான். அவன் வரும் வேளையில் வீட்டில் இருந்தோர் கேட்டனர். வயலில் இருந்தோர் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தனர். வானொலி தோன்றிய பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. காலையில் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை எனச் செய்திக்கென்று நேரம் குறிக்கப்பட்டிருந்தது. அந்நேரத்தைத் தவறவிட்டவர் அடுத்த வேளை வரும் வரையில் பொறுத்திருத்தல் வேண்டும். கேட்போர் செய்திக்காகக் காத்திராமல், செய்தியே கேட்போருக்காக எந்நேரமும் காத்திருத்தல் இயலாதா என்று சிலர் எண்ணினர். அவ்வெண்ணத்தின் பயனே முழுநேரச் செய்தி வானொலி.

1961ஆம் ஆண்டில் கார்டன் மெக்லெண்டன் என்பவர், மெக்சிகோ நாட்டின் எல்லை நகரமாகிய டிஹுவானாவில் இருந்த ஒரு நிலையத்தின் வாயிலாகத் தென் கலிபோர்னியா மக்களுக்கு இடைவிடாது செய்தி ஒலிபரப்பினார். எனினும், இம்முறை வேரூன்றித் தழைத்தது அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் உள்ள நியூயார்க் நகரிலேயாம். அந்நகரில் இளைஞர் விரும்பும் பாட்டுகளை ஒலிபரப்பி வந்த 'வின்ஸ்' என்னும் நிலையம், 1965ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் பாட்டை அறவே நிறுத்தியது. அன்று முதல் இரவும் பகலும் செய்தியே அதன் தொழிலாயிற்று. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் அதன் உரிமையாளராக இருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் டபிள்யூ.சி.பி.எஸ். என்னும் மற்றொரு நிலையமும் அவ்வழியை மேற்கொள்ளத் துணிந்தது. 1967ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தொடக்க நாளாகக் குறிக்கப்பட்டது. ஆனால், அதற்கு முந்திய நாள் சிறு விமானம் ஒன்று ஹை ஐலண்ட் என்னும் தீவில் இருந்த அந்நிலையத்தின் ஒலிபரப்புக் கோபுரத்தில் மோதியது; கோபுரம் வீழ்ந்தது. நிலையத்தார் மனம் தளர்ந்தாரல்லர். தம்மிடம் இருந்த பண்பலை அலைவரிசையின் வழியே, குறித்த நாளிலேயே செய்திப் பணியைத் தொடங்கினர். இவ்வாறு ஒரே நகரில் இரண்டு செய்தி நிலையங்கள் எழுந்தன.

இத்தகைய நிலையத்தின் அமைப்பு ஒரு சக்கரத்தைப் போன்றது. தலைப்புச் செய்தி, நகரச் செய்தி, வானிலை, சாலை நிலை, பங்குச் சந்தை, விளையாட்டு என ஆரங்கள் பல. சக்கரம் ஒரு முறை சுழன்று முடிந்ததும் மீண்டும் தலைப்புச் செய்தி வரும். 22 நிமிடங்கள் தந்தால் உலகையே தருவோம் என்னும் பொருள்பட வின்ஸ் நிலையத்தார் தம்மை விளம்பரம் செய்துகொண்டனர். செய்தி படிப்போரின் குரலுக்குப் பின்னால் தந்தி அச்சுப் பொறியின் 'டக டக' என்னும் ஓசை ஒலித்துக்கொண்டே இருக்கும். அப்பொறிகள் வழக்கொழிந்த பின்னரும் நெடுங்காலம் அவ்வோசை நின்றதில்லை. செய்தி இக்கணமே வந்து சேர்கின்றது என்னும் உணர்வை அது கேட்போர் உள்ளத்தில் உண்டாக்கியது.

தொழில் ஒன்றாயினும் இரு நிலையங்களின் இயல்பும் ஒன்றன்று. இரண்டும் 50,000 வாட் ஆற்றல் உடையவை. வின்ஸ் 1010 கிலோ ஹெர்ட்ஸிலும், டபிள்யூ.சி.பி.எஸ். 880 கிலோ ஹெர்ட்ஸிலும் ஒலித்தன. அதே அலைவரிசையில் இயங்கும் பிற ஊர் நிலையங்களுக்கு இடையூறு நேராதபடி, வின்ஸ் தன் அலைகளைக் குறித்த திசைகளிலேயே மிகுதியாகச் செலுத்த வேண்டியிருந்தது. டபிள்யூ.சி.பி.எஸ். நிலையமோ எல்லாத் திசைகளிலும் அலைகளைப் பரப்பியது. குறைந்த அதிர்வெண் கொண்ட அலை நிலத்தை ஒட்டி நெடுந்தொலைவு செல்லவல்லது. ஆதலின் சுற்றுப்புற ஊர்களை எட்டுவது அதற்கு எளிதாயிற்று.

கேட்போரும் அதற்கேற்பப் பிரிந்தனர். மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், பிராங்க்ஸ் முதலிய நகரப் பகுதிகளில் வாழ்வோர் வின்ஸைத் தம் நிலையமாகக் கருதினர். அதன் நடை விரைவானது, செய்திகள் சுருக்கமானவை. லாங் ஐலண்ட், நியூ ஜெர்சி, கனெக்டிகட் முதலிய இடங்களில் குடியிருந்து நகருக்குக் காரில் வேலைக்கு வருவோர் டபிள்யூ.சி.பி.எஸ். நிலையத்தைப் பெரிதும் நாடினர். அதன் நடை சற்று நிதானமானது. செய்தியின் விளக்கமும் சற்றுக் கூடுதலானது.

இவ்வேற்றுமை சாலைச் செய்தியிலும் புலப்பட்டது. டபிள்யூ.சி.பி.எஸ். ஒவ்வொரு மணியிலும் 8, 18, 28 என எட்டில் முடியும் நிமிடங்களில் சாலை நிலையையும் வானிலையையும் சேர்த்துக் கூறியது. வின்ஸ் 1, 11, 21 என ஒன்றில் முடியும் நிமிடங்களில் சாலை நிலையோடு சுரங்க ரயில் முதலியவற்றின் நிலையையும் கூறியது. முன்னது காரோட்டிகளை மனத்திற்கொண்டது. பின்னது ரயிலில் செல்வோரையும் மறவாதது. பாலத்தின் வாயிலில் நெரிசலில் அகப்பட்ட காரோட்டி ஒருவர், ஒன்றில் எட்டாம் நிமிடச் செய்தியைக் கேட்டு, மூன்று நிமிடம் கழித்து மற்றொன்றில் அதனைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒருவர் சொல்லை மற்றொருவர் சொல்லோடு ஒப்பிட்டுத் தெளியும் இவ்வாய்ப்பு, இரண்டு நிலையங்கள் இருந்தமையால் எளிய மக்களுக்கும் கிட்டிய செல்வமாகும்.

இவ்வகை நிலையங்களிடம் குறை இல்லை என்று கூறுதல் இயலாது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது கேட்போருக்குச் சலிப்பூட்டும். தீ, விபத்து, கொலை ஆகியவற்றையே இடைவிடாது கேட்பவர், உலகம் முழுவதும் தீமையே நிறைந்துள்ளது என்று மயங்கவும் கூடும். நிகழ்ந்தது யாது என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லலாம். அது ஏன் நிகழ்ந்தது என்பதை ஒரு நிமிடத்தில் விளக்குதல் அரிது. ஆயினும், இடர் வந்துற்ற நாளில் இவற்றின் அருமை விளங்கும்.

1965ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் மாலையில் அமெரிக்காவின் வடகீழைப் பகுதியில் மின்சாரம் நின்றது. ஏறத்தாழ மூன்று கோடி மக்கள் இருளில் மூழ்கினர். தொலைக்காட்சி திரை இருண்டது. சிறு மின்கலத்தால் இயங்கும் டிரான்சிஸ்டர் வானொலிகளின் வழியாகவே பலர் நிகழ்ந்ததை அறிந்தனர். 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் உலக வணிக மையம் வீழ்ந்தபோது, அதன் உச்சியில் இருந்த அலைபரப்பிகளும் அழிந்தன. அதனால் பல தொலைக்காட்சி நிலையங்களும் பண்பலை நிலையங்களும் வாயடைத்துப் போயின. வேறிடங்களில் கோபுரம் கொண்டிருந்த மத்திய அலைச் செய்தி நிலையங்களோ தம் பணியைத் தொடர்ந்து செய்தன. உறவினரைத் தேடித் தவித்த மக்களுக்கு அன்று தெளிந்த செய்தியைப் போல வேண்டப்பட்டது பிறிதொன்று உண்டோ?

1995ஆம் ஆண்டில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் சி.பி.எஸ். நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் போட்டியிட்ட இரு நிலையங்களும் ஒரே கூரையின்கீழ் வந்தன. பின்னர் உரிமையாளர் மாறினும், இரண்டும் ஒருவர் கையிலேயே இருந்தன. இதற்கிடையில் கைபேசி எங்கும் பரவியது. வானிலையையும் சாலை நெரிசலையும் அது கேட்ட கணத்தில் காட்டியது. எட்டாம் நிமிடத்திற்காகக் காத்திருக்கும் தேவை குறைந்தது; விளம்பர வருவாயும் சுருங்கியது. 2022ஆம் ஆண்டு முதல் வின்ஸ் பண்பலையிலும் ஒலிக்கலாயிற்று. டபிள்யூ.சி.பி.எஸ். செய்தி நிலையமோ, 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், தன் 57 ஆண்டுகள் நிறைவதற்கு இரண்டே நாள் இருக்கையில், தன் பணியை முடித்துக்கொண்டது. 880 என்னும் அலைவரிசையில் அதன்பின் விளையாட்டு நிகழ்ச்சிகள் ஒலிக்கலாயின.

இதனால் நகரத்தார் செய்தியின்றி வாடினர் என்பதில்லை. வின்ஸ் இருந்தது, செய்தித்தாள்கள் இருந்தன, கைபேசி கைதோறும் இருந்தது. ஆயினும், புறநகர்ச் சாலையில் காரோட்டிச் செல்வோரை நோக்கி நாள்தோறும் பேசிய குரல் ஒன்று ஓய்ந்தது. கைபேசி தனி ஒருவர் கேட்டதை அவருக்கு மட்டும் தருகின்றது. வானொலியோ ஓட்டுநர், கடைக்காரர், முதியவர் ஆகிய அனைவருக்கும் ஒரே செய்தியை ஒரே வேளையில் தந்தது. அதனால் ஊரார் ஒருவரோடு ஒருவர் பேசுதற்குப் பொதுவான பொருள் ஒன்று கிடைத்தது.

ஓர் ஊரில் இரு கிணறுகள் இருப்பின், ஒன்றின் நீர் கலங்கிய காலத்தில் மற்றொன்று உதவும். செய்தியும் அத்தகையதே. பல வாயில்களின் வழியே வருவதைக் கேட்டு, ஒப்பிட்டு, உண்மையைத் தெளிதல் குடிமக்களின் கடமையாகும். அக்கடமையைச் செய்ய வேண்டுமாயின், வாயில்கள் பலவாக இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று அடைபடும்போது, அதன் வழியே செய்தி கேளாதவர்களும் ஒரு வகையில் இழப்புக்கு உள்ளாகின்றனர் என்பதை நியூயார்க் நகரின் வரலாறு உணர்த்துகின்றது.