கவைக்கு உதவும் தமிழ்

‘கவை’ என்னும் சொல்லை நம் மாணவர்கள் இன்று பெரும்பாலும் ஒரே ஓர் இடத்தில்தான் சந்திக்கின்றனர். பயனற்ற பேச்சைக் ‘கவைக்குதவாத பேச்சு’ என்று கூறும் மரபுத்தொடரில் அது ஒதுங்கிக் கிடக்கிறது. தேர்வுக்காக அத்தொடரை மனனம் செய்த மாணவனை அழைத்து, “கவை என்றால் என்ன?” என்று கேட்டால் அவன் விழிப்பான். கிளை இரண்டாகப் பிரியும் இடமே கவை. காய்ச்சுமையால் தாழ்ந்த கொம்புக்கு முட்டுக் கொடுக்கிறோமே, அந்தக் கோலின் தலையில் இருப்பதும் கவைதான். மிதிவண்டியின் முன்சக்கரத்தை இருபுறமும் பற்றி நிற்கும் இரண்டு கால்களுக்கும் இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு உண்டோ? இச்சிறு கட்டுரை அந்த முன்கவையைப் பற்றியது. அதன் வழியாக நம் மொழிப் பாடத்தைப் பற்றியதும் ஆகும்.

ஐம்பது வயதைக் கடந்த தலைமையாசிரியனுக்கு மிதிவண்டி எதற்கு என்று வினவுவோர் உண்டு. மலாக்கா மாநிலத்தின் தோட்டப்புறப் பள்ளிகளில் பணியாற்றுவோர்க்கு அதன் தேவை எளிதில் விளங்கும். ஒரு காலத்தில் பள்ளிக்கு எதிரிலேயே லயங்கள் இருந்தன. மணி அடித்தால் பிள்ளைகள் ஓடி வந்தனர். இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. குடும்பங்கள் ஜாசினுக்கும் மெர்லிமாவுக்கும் மலாக்கா நகருக்கும் பெயர்ந்துவிட்டன. எஞ்சியுள்ள சில குடும்பங்கள் செம்பனைக் காட்டின் உள்ளே ஆங்காங்கே சிதறி வாழ்கின்றன. ஆறு வயதை எட்டும் ஒரு குழந்தை முதலாம் ஆண்டில் நம் பள்ளியில் சேருமா சேராதா என்பது, பல வேளைகளில், ஆசிரியர் அவ்வீட்டுத் திண்ணைவரை சென்றாரா இல்லையா என்பதைப் பொறுத்தே அமைகிறது. மழைக்குப் பின் அச்செம்மண் பாதையில் மகிழுந்து செல்லாது. வயதேறிய முழங்கால்களோ மேட்டில் மிதிக்க மறுக்கின்றன. ஆகவேதான் ஒரு மின்மிதிவண்டியை வாங்கினேன். பின்சக்கரத்தில் சிறு மோட்டார். நாம் மிதிக்கும்போது அதுவும் உடன் உழைக்கும். மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் தன் உதவியை நிறுத்திக்கொள்ளும்.

மூன்று ஆண்டுகள் வண்டி குறையின்றி உழைத்தது. பின்னர் முன்கவை முனகத் தொடங்கியது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ‘டக்’ என்று ஓர் ஓசை. வீடு திரும்பிய பின் கட்டைவிரல்கள் மரத்துப்போய்ச் சுண்ணக்கட்டியைக் கூடச் சரியாகப் பிடிக்க இயலாத நாள்களும் வந்தன. செல்லாதிருந்தால் கைகளுக்கு நலம். ஆனால் அந்தத் திண்ணைகளுக்கு யார் செல்வது?

இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் நன்று. சாலையின் அடியை மனித உடலுக்கு எட்டாமல் தடுத்த முதல் பெரும் பொருள் ரப்பரே. 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த உருளிப்பட்டைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1896-இல், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார், சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லியின் தூண்டுதலால், ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பரைப் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் லெடாங் மலையைப் பார்த்தவாறு கிடக்கும் புக்கிட் அசகானிலும் அவர் பெருந்தோட்டம் அமைத்தார். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அத்தகைய தோட்டங்களில் பால்வெட்டினர். உலகத்தின் சக்கரங்கள் மெத்தென்று உருள அவர்கள் உழைத்தனர். அவர்களோ பால்வாளிகளைத் தொங்கவிட்ட துருப்பிடித்த மிதிவண்டியில் வேர்களின் மீது குலுங்கிக் குலுங்கிச் சென்றனர். என் தந்தையாரின் வண்டியில் இருந்த முன்கவை வெறும் வளைந்த இரும்பு. அதிர்ச்சி முழுவதையும் அவருடைய தோள்களே தாங்கின.

காற்றுப்பட்டைக்கு அடுத்து வந்தது அசையும் கவை. 1935-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம், எண்ணெயால் அதிர்வைத் தணிக்கும் குழாய்க் கவையைத் தன் மோட்டார் சைக்கிள்களில் பொருத்தியது. மிதிவண்டி உலகில் அது பரவ மேலும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. 1989-இல் அமெரிக்காவின் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் மலைமிதிவண்டிகளுக்கான கவையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த கவைகள் சிலவற்றில் சுருள்வில்லுக்கு மாறாக ரப்பரையொத்த மீள்பொருள் கட்டைகளே இருந்தன என்பதும் நாம் அறியத்தக்கது.

என் வண்டியை எடுத்துக்கொண்டு சிறு பட்டணம் ஒன்றில் மிதிவண்டிப் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம் சென்றேன். அவர் முன்சக்கரத் தடையை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தார். “ஐயா, உள்ளே புதர் தேய்ஞ்சிருச்சு. காலெல்லாம் ஆடுது. கிரீஸ் போட்டா ஒரு மாசம் ஓடும், அவ்வளவுதான்,” என்றார். ‘புஷ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பட்டறையில் வழங்கும் உருவம் அது என்று பின்னர்தான் விளங்கியது.

அவர் உடனே விலை சொல்லவில்லை. ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து அளக்கத் தொடங்கினார். கவையின் கழுத்துத் தண்டு மேலும் கீழும் ஒரே பருமனா, கீழே பருத்து மேலே சிறுத்ததா என்று பார்த்தார்; என்னுடையது 28.6 மில்லிமீட்டர் நேர்த்தண்டு. அதன் நீளத்தைக் குறித்தார். சக்கரத்தின் அளவு, அச்சின் வகை, தட்டுத் தடையைத் தாங்கும் காதுகளின் அமைப்பு ஆகியவற்றையும் எழுதினார். இறுதியாகக் கவை எவ்வளவு தூரம் அமுங்கும் என்று அளந்து, 100 மில்லிமீட்டர் என எழுதினார். “120 போடலாமே, இன்னும் மெத்தென்று இருக்குமே?” என்றேன். “முன்னால 20 மில்லி உயர்ந்தா கழுத்துச் சாய்வு ஒரு பாகை மாறும், ஐயா. மெதுவா மேடேறும்போது முன்சக்கரம் அலையும். சட்டம் எதுக்குச் செஞ்சதோ அதையே போடுவோம்,” என்றார்.

அப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ‘கழுத்து’, ‘மேல்கால்’, ‘கீழ்க்கால்’, ‘அமுக்கம்’, ‘காது’ என்று அத்தனையும் தமிழிலேயே இருந்தன. “எனக்கு இப்படித்தாங்க ஐயா நினைவுல நிக்குது,” என்று கூச்சத்துடன் சொன்னார். கலைச்சொல் குழு எதுவும் அவருக்கு அச்சொற்களைத் தரவில்லை. தேவை தந்தது.

அந்நேரத்தில் தோட்டத்தில் குலை அறுக்கும் ஒருவர் தம் மின்மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சாதாரண வண்டியின் முன்சக்கரத்தில் மோட்டார் பொருத்திய வண்டி அது.

“தம்பி, ஐயாவுக்கு மாட்டுற மாதிரி எனக்கும் ஒரு எப்சோபர் மாட்டிக் குடு.”

“உங்க வண்டிக்கு இது ஆகாது, அண்ணே.”

“காசு குடுக்கிறேன்ல?”

“காசு இல்லண்ணே பேச்சு. மோட்டார் எங்க இருக்கு, பாருங்க. சக்கரம் முன்னால சுத்தும்போது அச்சு பின்னால திரும்பப் பார்க்கும். உங்க பழைய கவை இரும்பு, அதனால தாங்குது. இது லேசான வார்ப்பு. அச்சு திருகித் திருகிக் கவையோட வாய் ஒருநாள் பிளந்துரும். சக்கரம் கழண்டா முகத்துலதான் விழுவீங்க.”

வந்தவர் சிறிது நேரம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “வாங்கி வந்த பெட்டியில ஏதோ எழுதியிருந்துச்சு. எனக்கு எங்க புரியுது?” என்றார். பட்டறைக்காரர் இரும்புக் கவையை அப்படியே விட்டுவிட்டு, அச்சு திருகாமல் பற்றிக்கொள்ளும் எஃகுப் பட்டை ஒன்றைப் பொருத்தினார். அகன்ற உருளிப்பட்டையைப் போட்டுக் காற்றைச் சற்றுக் குறைத்தார். அதிர்ச்சி அதனாலேயே பெரிதும் குறையும் என்றார். நல்ல விற்பனை ஒன்று அவர் கையை விட்டுப் போயிற்று. ஒரு மனிதரின் முகம் பிழைத்தது.

ஆசிரிய நண்பர்களே, இந்நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெட்டியின் மேல் எழுதப்பட்டிருந்த எச்சரிக்கை அவரைக் காக்கவில்லை. ‘வாய் பிளந்துரும்’ என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் காத்தன. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதி, பள்ளிப்படிப்பை இடையில் விட்டவரின் உள்ளத்தில் ஒரு நிமிடத்தில் புகுந்தது. அறிவியல் தமிழ் என்று மேடைகளில் நாம் முழங்குவது எதை? இதைத்தான் அல்லவா?

எனக்கு வாய்த்தது காற்றுக் கவை. வண்டியின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்கே சென்றது. பழைய கவையில் சுருள்வில் மட்டுமே இருந்தது, தணிப்பான் இல்லை. வில் தான் பெற்ற அடியைச் சேர்த்து வைத்து, மறுகணம் அப்படியே திருப்பித் தரும். கைப்பிடி துள்ளியது அதனால்தான். புதிய கவையின் ஒரு காலில் அழுத்தப்பட்ட காற்று வில்லாக நிற்கிறது. மற்றொரு காலில் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருங்கிப் பாய்ந்து, அதிர்ச்சியின் ஆற்றலை வெப்பமாக மாற்றித் தணிக்கிறது. ஏறி அமர்ந்தவுடன் கவை தன் மொத்த அமுக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 மில்லிமீட்டர், தாழ வேண்டும். மேல்காலில் மாட்டியுள்ள மெல்லிய ரப்பர் வளையம் மேலே நகர்ந்து அதைக் காட்டும். மிகுதியாகத் தாழ்ந்தால் காற்றை ஏற்ற வேண்டும். தாழாவிடின் குறைக்க வேண்டும். ஆளின் எடைக்கேற்ப அமைப்பதே முறை. காற்றுக் கவைக்குக் கவனிப்பும் மிகுதி. மேல்கால்களில் ஒட்டும் செம்மண்ணை அவ்வப்போது துடைக்க வேண்டும். ஏறத்தாழ 50 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றுவது நல்லது.

கட்டைவிரல்கள் இப்போது மரப்பதில்லை. பாதையில் பள்ளங்கள் முன்போலவே இருக்கின்றன. அவற்றை நிரப்பும் ஆற்றல் என்னிடம் இல்லை. ஆயினும் அவ்வீடுகளுக்கு மீண்டும் வாரந்தோறும் செல்கிறேன். “பள்ளிக்கூடத்து ஐயா வராரு” என்று கூவிக்கொண்டு நாய்க்குட்டியோடு ஓடிவரும் சிறுமி ஒருத்திக்கு அடுத்த ஆண்டு ஏழு வயது. அவளுடைய தாய் இன்னும் முடிவு சொல்லவில்லை. “பக்கத்திலேயே வேறு பள்ளி இருக்கு, ஐயா. தமிழ் படிச்சு என்ன வேலைக்குப் போறது?” என்பது அவர் கேள்வி. அது நியாயமான கேள்வி. சினந்து விடையளிக்கத் தக்கதன்று. அடியைப் பெற்ற வேகத்தில் திருப்பித் தருவது தணிப்பானற்ற வில்லின் இயல்பு. ஆசிரியர்க்கு அது ஆகாது.

அத்தாய்க்கு நான் அப்பட்டறையைப் பற்றிச் சொன்னேன். அங்கே தமிழில் அளந்து, தமிழில் எழுதி, தமிழில் ஓர் உயிரை எச்சரிக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார் என்றேன். அவர் மலாயும் பேசுகிறார். ஆங்கிலக் கையேட்டையும் அகராதி வைத்துப் படிக்கிறார். தமிழ் அவருக்குத் தடையாக நிற்கவில்லை. ஊன்றி நிற்கும் தரையாக இருக்கிறது.

நம் வகுப்பறைகளில் மரபுத்தொடர்களைக் கற்பிக்கிறோம், அது வேண்டியதே. அத்துடன் ஒரு நாள், பள்ளி வளாகத்தில் நிற்கும் மிதிவண்டி ஒன்றை வகுப்பின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள். அதன் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளையே பெயர் சொல்லச் செய்யுங்கள். அவர்கள் அளக்கட்டும், எழுதட்டும், ஒன்று ஏன் அசைகிறது, மற்றொன்று ஏன் அசையக்கூடாது என்று தம் சொற்களில் விளக்கட்டும். சில பெயர்கள் பிழையாக இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். கவையின் பெயரே அறியாதவனிடம் கவைக்குதவாத பேச்சைப் பற்றி நாம் எவ்வாறு பாடம் நடத்துவது?