தண்ணிக்கு ஆர் உறுதி முடிச்சது?

தமிழில் எங்களுக்கு ஒரு சொற் சிக்கல் இருக்கு. கொலம்பஸ் அமெரிக்காவைக் 'கண்டுபிடித்தார்' என்கிறோம். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் 'கண்டுபிடித்தார்' என்றும் சொல்கிறோம். முதலாவது ஏற்கனவே இருந்தது, அவர் போய்ப் பார்த்தார், அவ்வளவுதான். இரண்டாவது அதுவரை உலகத்தில் இல்லாதது. பள்ளிக்கூடத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் காப்புரிமைச் சட்டம், அதாவது நாங்கள் பேட்டன்ட் என்று சொல்லுறது, இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கோட்டில்தான் நிக்குது. இருந்ததைக் கண்டவருக்கு உரிமை இல்லை. இல்லாததை ஆக்கியவருக்கு 20 வருடத் தனியுரிமை.

சட்டம் படிக்காத நான் இதுக்குள் தலையைக் கொடுத்ததுக்குக் காரணம் சின்னம்மா. ரொறொன்ரோவில் அவவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது மரபணுப் பரிசோதனையும் செய்தார்கள். ஏ.எல். பயோவில் பரம்பரையலகு என்று படித்தோமே, அதுதான். பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் விகாரம் இருந்தது. கூடப்பிறந்தவர்களுக்கும் அது இருக்க 50% வாய்ப்பு உண்டு என்று உறவினர்களுக்கென ஒரு கடிதமும் கொடுத்துவிட்டார்கள். கூடப்பிறந்தவர் என்றால் என் அம்மா. கடிதத்தை அவவுக்குத் தமிழில் விளங்கப்படுத்த வேண்டியவள் நான். அதற்காகத் தேடி வாசிக்கும்போதுதான், இந்த மரபணுவுக்கு ஒரு காலத்தில் உரிமையாளர் இருந்த கதை கிடைத்தது.

1990 இல் மேரி கிளேர் கிங் என்ற விஞ்ஞானி, பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய்க்கான மரபணு 17 ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது என்று காட்டினார். பிறகு அதைத் துல்லியமாகப் பிடிக்கப் பல நாட்டு ஆய்வாளர்கள் ஓடினார்கள். 1994 இல் முந்தியது அமெரிக்காவின் யூட்டாவில் இருந்த குழு. மிரியட் ஜெனெட்டிக்ஸ் என்ற கம்பனி அதுக்குக் காப்புரிமை எடுத்தது. அதுக்குப் பிறகு அமெரிக்காவில் இந்தப் பரிசோதனையை அந்த ஒரு கம்பனிதான் செய்யலாம் என்று ஆனது. விலை 3,000 டொலருக்கு மேல். கருப்பையையும் சூலகத்தையும் அகற்றுவது போன்ற பெரிய முடிவை எடுக்கமுதல் இன்னொரு ஆய்வுகூடத்தில் ஒருக்கா சரிபார்ப்போம் என்றாலும் வழியில்லை.

2001 இல் கனேடிய மாகாணங்களுக்கும் கடிதம் போனது: நீங்களாகப் பரிசோதிக்கிறதை நிப்பாட்டுங்கோ. பிரிட்டிஷ் கொலம்பியா கொஞ்சக் காலம் நிறுத்திவிட்டு 2003 இல் திரும்பத் தொடங்கியது. ஒன்ராறியோ மறுத்துவிட்டுத் தன்பாட்டில் தொடர்ந்தது. சின்னம்மா இருப்பது ஒன்ராறியோவில்.

இதை அம்மாவுக்குச் சொன்னபோது அவ கேட்டா: "காணிக்கு உறுதி முடிக்கலாம். உடம்புக்குள்ள இருக்கிறதுக்கு ஆர் உறுதி முடிச்சது?"

கம்பனியிடம் பதில் இருந்தது. உங்கள் உடம்பில் இருக்கிற மரபணுவுக்கு நாங்கள் உரிமை கேட்கவில்லை. அதிலிருந்து பிரித்தெடுத்த டிஎன்ஏ இயற்கையில் தனியாக இல்லாத ஒரு இரசாயனம், அதுக்குத்தான் கேட்கிறோம் என்றார்கள். 2009 இல் நோயாளிகளும் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒரே முடிவாகச் சொன்னார்கள்: பிரித்தெடுப்பது மட்டும் ஆக்கம் ஆகாது. எங்கட ஊர்க் கணக்கில் சொன்னால், கிணற்றுத் தண்ணியை வாளியில் அள்ளினதால் தண்ணி நீங்கள் செய்த பொருள் ஆகிவிடாது. புதுவிதமாக ஒரு துலா செய்தால் அதுக்குக் கேளுங்கள். ஆய்வுகூடத்தில் செயற்கையாக ஆக்கப்பட்ட சிடிஎன்ஏ-க்கு அந்தக் கதவைத் திறந்துதான் விட்டார்கள். அன்றைக்கே வேறு ஆய்வுகூடங்கள் தாங்களும் பரிசோதிப்போம், விலையும் குறைவு என்று அறிவித்தன. 2015 இல் அவுஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றமும் மிரியட்டுக்கு எதிராகவே தீர்த்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேணும். தாயின் இரத்தத்தில் சிசுவின் டிஎன்ஏ மிதப்பதைக் கண்டு, கருப்பைக்குள் ஊசி போடாமலே பரிசோதிக்க ஒரு வழி வந்தது. ஊசியால் கரு கலையக்கூடிய ஆபத்து அதில் இல்லை. அந்தக் காப்புரிமையையும் 2015 இல் இதே தர்க்கத்தால் அமெரிக்க நீதிமன்றம் செல்லாததாக்கியது. இப்படியானால் நோயறியும் ஆய்வுக்கு ஆர் காசு போடுவார்கள் என்று கேட்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். ஆனால் பி.ஆர்.சி.ஏ. ஆய்வுக்குப் பொதுப்பணமும் போனது. மக்கள் வரிப்பணத்தில் வெட்டின கிணற்றுக்கு முதலில் வாளி இறக்கினவர் வேலி அடைக்கிறது எப்படிச் சரி?

அந்த வேலி திரும்ப வரலாம். டில்லிஸ், கூன்ஸ் என்ற இரண்டு செனட்டர்கள் 2023 இல் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார்கள், 2025 இல் திரும்பவும் கொண்டுவந்தார்கள். இயற்கை விதிக்கும் இயற்கைப் பொருளுக்கும் காப்புரிமை இல்லை என்று நீதிமன்றங்கள் உருவாக்கின விலக்குகளை அது நீக்கச் சொல்கிறது. மனித உடலில் உள்ளபடியே இருக்கும் மரபணுவுக்கு உரிமை கேட்க முடியாது என்று அதிலும் ஒரு வரி இருக்கு. வாசிக்க ஆறுதலாக இருக்கும். கொஞ்சம் தள்ளி, பிரித்தெடுத்தால், சுத்திகரித்தால், அது 'உள்ளபடியே' இருப்பதாகக் கருதப்படாது என்றும் இருக்கு. 2013 இல் தோற்ற அதே வாளி வாதம்.

அம்மா இன்னும் பரிசோதிக்கவில்லை. யோசிக்கிறா. விகாரம் இருந்தால் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 70% வரை போகலாம். அதைத் தெரிந்துகொண்டு எப்படி இருக்கிறது என்ற பயம் அவவுக்கு. செய்யிறதும் விடுகிறதும் அவவின் விருப்பம். அந்த விருப்பத்துக்குள் ஒரு கம்பனியின் விலைச்சீட்டும் அனுமதியும் வந்து நிக்கக்கூடாது என்பதுதான் என் நிலைப்பாடு.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 62 ஆம் பிரிவு, ஏற்கனவே இருந்ததைக் கண்டறிவதற்குக் காப்புரிமை இல்லை என்கிறது. உடம்பில் செய்யப்படும் நோயறியும் முறைகளுக்கும் இல்லை. நாங்கள் ஆரும் திறந்து பார்க்காத ஒரு பிரிவு. ஒருநாள் அதில் திருத்தம் என்று பேச்சு வந்தால், அது வக்கீல்மாரின் அலுவல் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதேங்கோ.