விறாந்தையில் ஓர் இடம்

2022 யூலையில் எரிபொருள் தட்டுப்பாட்டால் நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் தரம் 9இல் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் புத்தூருக்கு வந்து ஒரு வருடங்கூட ஆகியிருக்கவில்லை. வாப்பா இங்கே வெங்காயம் வாங்கிப் புத்தளத்துக்கு லொறியில் அனுப்புகிறவர். அவர் டீசல் வரிசையில் நாட்கணக்காக நின்றார். நான் வீட்டில் சும்மா இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா பல்கலைக்கழகத்தில் படிப்பவர். "வீட்டுக்குள்ள இருந்து என்ன செய்யப்போறீர்? வாசிகசாலைப் பக்கம் வாருமன்" என்று ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

வாசிகசாலை விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பாய் விரித்து இருந்தார்கள். ஆசிரியர் இல்லை, நேரசூசி இல்லை. யாருக்கு எதில் கேள்வி இருக்கிறதோ அதை அவர் தேடிப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அன்றைய கேள்வி, எங்கள் நிலாவரைக் கிணறு ஏன் வற்றுவதில்லை என்பது. இராமர் அம்பு விட்டு உண்டாக்கிய கிணறு அது என்று அம்மம்மா சொன்னதாக ஒரு தம்பி சொன்னான். நான் யோசிக்காமல், "அது கட்டுக்கதை" என்றேன்.

எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் பர்தா போட்டவள் நான் ஒருத்திதான். இனி இங்கே வர முடியாது என்று நினைத்தேன். அக்கா கோபிக்கவில்லை. "தண்ணி எப்பிடி வந்தது எண்டது ஒரு கேள்வி. கதை எப்பிடி வந்தது எண்டது இன்னொரு கேள்வி. நீர் முதலாவதைத் தேடும். தம்பி ரெண்டாவதைத் தேடட்டும்" என்றார்.

நான் தேடினேன். மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது. கடல்நீரைவிட அடர்த்தி குறைந்ததால் நன்னீர் மேலே மிதக்கிறது. அதனால்தான் நிலாவரையில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருக்கின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். தம்பி நான்கு வீட்டு ஆச்சிமாரிடம் கதை கேட்டு வந்தான். நான்கும் நான்கு விதமாக இருந்தன. அவன் சொல்லி முடித்தபோது எனக்கும் அந்தக் கதைகள் பிடித்திருந்தன.

பாடசாலைகள் திறந்த பிறகும் ஞாயிறு காலையில் கூடுவதை நாங்கள் விடவில்லை. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்க விட்ட பெற்றோருக்காக, அமெரிக்காவில் ஜோன் ஹோல்ட் என்பவர் 1977இல் ஒரு சஞ்சிகை தொடங்கினாராம். அக்காதான் சொன்னார். இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். ஆகவே நாங்கள் பாடசாலையை விட்டவர்கள் அல்ல. வாரத்தில் ஒரு காலைப்பொழுது மட்டும் அதை மறந்திருந்தவர்கள்.

சென்ற வருடம் கிளிநொச்சியிலிருந்து ஒரு பிள்ளை வந்து சேர்ந்தார். என்னைப் போலவே சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர். வந்த முதல் நாளே கேட்டார்: "கணக்கு விளங்காத பிள்ளைக்கு ஆரும் சொல்லிக் குடுக்காமல் எப்பிடி விளங்கும்? சோதினைக்கு இது உதவுமே?"

புதிதாக வருகிற எல்லோரும் கேட்கிற கேள்விதான். எத்தனை தரம்தான் பதில் சொல்வது என்று எனக்கு எரிச்சல் வந்தது. "விருப்பமெண்டா இரும். இல்லாட்டி ரியூசனுக்குப் போம். இது எங்கட இடம்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா அன்று வரவில்லை. அந்தப் பிள்ளை கொப்பியை மூடிக்கொண்டு எழும்பிப் போனார். அடுத்த ஞாயிறும் வரவில்லை.

இதை உம்மாவிடம் பெருமையாகத்தான் சொன்னேன். உம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு புத்தளத்தைப் பற்றிச் சொன்னார். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு எட்டு வயது. புத்தளத்து மக்கள் தங்கள் சோற்றைப் பகிர்ந்தார்கள், பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டார்கள். உம்மா அதை ஒருநாளும் மறந்ததில்லை. ஆனால் காலம் போகப் போகக் கிணற்றடியிலும் வகுப்பறையிலும் இடம் போதாமல் போனது. "ஒருத்தரும் அடிக்கேல்ல, ஏசேல்ல. ஒரு பிள்ளை மட்டும் 'இது எங்கட ஸ்கூல்' எண்டு சொல்லிச்சு. முப்பத்தஞ்சு வருசமாகப் போகுது, அந்தக் குரல் இன்னும் காதில நிக்குது" என்றார்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் ஏன் அவ்வளவு கோபப்பட்டேன் என்று யோசித்தேன். உண்மையில் கேத்திரகணிதம் எனக்கும் விளங்கவில்லை. விறாந்தையில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் கேட்கப் பயந்த கேள்வியைத்தான் அவர் வந்த அன்றே கேட்டுவிட்டார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் தந்தார். ஆனால் முகம் இளகவில்லை. "அது பரவாயில்லை. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரேல்ல" என்றார். பதில் எனக்கும் தெரியாது என்றேன்.

இரண்டு ஞாயிறு கழித்து அவர் வந்தார். இந்த முறை அவருடைய கேள்வியையே அன்றைய கேள்வியாக எடுத்துக்கொண்டோம். கடந்தகால வினாத்தாள்களை உள்ளே விட்டால் இதுவும் ரியூட்டரி ஆகிவிடும் என்றார் அக்கா. கணிதம் சித்தியடையாத பிள்ளைக்குக் கிணற்றின் உப்பைப் பற்றித் தெரிந்து என்ன பயன் என்றார் புதியவர். இரண்டிலும் நியாயம் இருந்தது. கடைசியில், பத்து மணிவரை பழைய முறை, அதன்பின் விரும்பியவர்கள் ஒரு மூலையில் வினாத்தாள் செய்யலாம் என்று முடிவாயிற்று. அக்காவுக்கு இன்றும் அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் வருகிறார். மூலையில் நான் அந்தப் பிள்ளையிடம் தேற்றங்களைக் கற்றேன்.

அன்று வேறு இரண்டு விடயங்களையும் பேசிக்கொண்டோம். ஒருவர் சொன்னதைத்தான் மறுக்க வேண்டும், அவர் எந்த ஊர், எப்போது வந்தவர் என்பதை இழுக்கக்கூடாது. புதியவரின் கேள்விக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவரே முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி அவருக்குத்தான் இன்னும் பழசாகியிருக்காது.

போன மாதம் ஒரு தம்பி புதிதாக வந்தான். பாயின் ஓரத்தில் இருந்துகொண்டு, "இதால சோதினைக்குப் பிரயோசனம் இருக்கோ?" என்று கேட்டான். கிளிநொச்சிப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவனிடம் சொன்னார்: "எங்களுக்கும் வடிவாத் தெரியாது. கொஞ்ச நாள் இருந்து பாரும். பிறகு நீர் சொல்லும்."