கூரைக்குள் பழைய பேப்பர்

ஜனவரி 18
அம்மாவின் அறைச் சீலிங்கில் தேநீர் நிறத்தில் ஒரு கறை. மழையில்லை; ஸ்காபரோவில் இன்று மறை 14. "ஊரிலை எண்டால் ஓட்டை மாத்திவிடலாம்" என்றா அம்மா.

ஜனவரி 20
இன்சுலேஷன் வேலை செய்யும் அண்ணை வந்து அற்றிக்கில் ஏறிப் பார்த்தார். குற்றம் கூரையில் இல்லையாம். சீலிங் ஓட்டைகளால் மேலேறும் வீட்டுச் சூடு, கூரைப் பனியை உருக்குகிறது. உருகிய தண்ணீர் குளிர்ந்த ஓரத்தில் மறுபடி உறைந்து அணை கட்டுகிறது. தேங்கியது சிங்கிள்ஸுக்கு அடியால் உள்ளே இறங்குகிறது.

அதைவிடப் பயமான ஒன்று: மேலே சிறு கற்களைப் போல மினுங்கும் வெர்மிகுலைட். "அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், கை வையாதேங்கோ" என்று சொல்லி இறங்கிவிட்டார். 1990 இல் மூடப்பட்ட மொன்டானா லிபி சுரங்கத்துச் சரக்கில்தான் அந்த ஆபத்தாம். சோதனைக்குக் கொடுத்திருக்கிறோம்.

ஜனவரி 21
நித்திரையில்லை. பிள்ளைகள் அற்றிக் ஏணியில் எத்தனை தரம் ஏறியிருப்பார்கள்?

பெப்ரவரி 4
சோதனை முடிவு வந்தது: அஸ்பெஸ்டஸ் இல்லையாம்! அம்மா கந்தசுவாமிக்கு அர்ச்சனை நேர்ந்தா.

பெப்ரவரி 16
அற்றிக் வேலை தொடங்கியது. முற்பகல் முழுக்க அண்ணை ஒரு பிடி இன்சுலேஷன்கூட ஊதவில்லை. வயர், குழாய், லைட் நுழையும் இடைவெளிகளை நுரையால் அடைத்தார். கூரை ஓரத்துக் காற்றுவழி மூடப்படாமல் தட்டுகள் வைத்தார். பிறகுதான் லொறியில் மெஷின் இரைந்தது. தம்பி ஒருவர் பொதிகளை உடைத்துப் போட, குழாய் வழியே சாம்பல் நிறத் தூள் மேலே பறந்தது. அரைத்த பழைய பத்திரிகைதான். ஒரு துணுக்கில் அச்செழுத்துகூடத் தெரிந்தது.

"பேப்பரைப் போட்டு வீட்டை எரிக்கப் போறியளோ?" என்றா அம்மா. அண்ணை ஒரு பிடியை வாசல் கல்லில் வைத்து லைட்டரைப் பிடித்தார். கருகியது, தீ பரவவில்லை. போரேட் உப்புக் கலந்திருக்கிறதாம். அம்மா கிட்டக் குனிந்து மணந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டா.

ஆர்-60 என்ற வெப்பத்தடை அளவுக்கு ஏறத்தாழ 17 அங்குலம். நாளடைவில் அமிழும் என்று கூடுதலாகவே ஊதினார்கள்.

பெப்ரவரி 17
வீடெல்லாம் தூசி. எரிச்சல்.

மார்ச் 2
இரவு பனி கொட்டியது. பக்கத்து வீட்டுக் கூரை திட்டுத் திட்டாக உருகிக் கறுத்துவிட்டது. எங்களுடையது முழு வெள்ளை.

மார்ச் 9
பேஸ்மென்றுக்கும் கேட்டேன். மறுத்துவிட்டார்: கொங்கிறீற் சுவர் ஈரம் கசியும், பேப்பர் அதைக் குடித்துக்கொண்டு கிடக்கும், அங்கே ஃபோம் போர்ட்தான் சரி. மேல்தளச் சுவர்களுக்குத் துளை போட்டு, அமிழாதபடி கன அடிக்கு 3.5 இறாத்தல் இறுக்கி ஊதலாம். விலையைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டேன்.

காசு போதாவிட்டால் பேப்பரைக் குறைக்கலாம். ஓட்டை அடைப்பதைக் குறைக்கக் கூடாது.