பில் யார் தலையில்? டயல்-அப் மோடம் சொல்லித் தந்த கணக்கு

பி.காம். படிக்கிறவனுக்கு மோடம் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். டயல்-அப் மோடம் சர்வர் என்பது பாதி டெக்னாலஜி, மீதி காஸ்ட் அக்கவுண்டிங். அந்த மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடுவோம். தொண்ணூறுகளில் வெளியூரிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வர, பெரும்பாலும் போன் லைன்தான் வழி. ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர், அதில் சில மோடங்கள், ஒவ்வொரு மோடத்துக்கும் ஒரு போன் லைன். வெளியூர்க்காரர் தன் மோடத்திலிருந்து டயல் செய்வார். சர்வர் எடுக்கும், பெயரும் பாஸ்வேர்டும் சரியாக இருந்தால் உள்ளே விடும். அப்புறம் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்திருப்பது போலவே ஃபைல்களைத் திறக்கலாம். வேகம் மட்டும் ஆமை. இரண்டு பக்கமும் சாதாரண லைன் என்றால் அதிகபட்சம் 33.6 கே.பி.பி.எஸ்.; ஒரு எம்.பி. ஃபைலுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். 1996-ல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0 சர்வரில் ஒரே சமயத்தில் 256 பேர் வரை இப்படி உள்ளே வரலாம். அதன் ஒர்க்ஸ்டேஷன் பதிப்பில் ஒரே ஒருவர்தான்!

பத்து பேருக்குப் பத்து லைன் வாங்கினால் கம்பெனி திவாலாகிவிடும். எனவே பங்கு போட வேண்டும். எத்தனை லைன் போதும்? இதற்கு டென்மார்க்கின் ஏ.கே. எர்லாங் 1917-லேயே ஒரு சூத்திரம் கொடுத்துவிட்டார். பத்து பேர், எட்டு மணி நேர வேலை நாளில் தலா அரை மணி நேரம் லைனில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே லைன் என்றால் 100 அழைப்பில் 38-க்கு 'எங்கேஜ்டு'. இரண்டு லைன் என்றால் 11. மூன்று என்றால் 2 மட்டுமே. நான்காவது லைனுக்கு எந்த முதலாளியும் கையெழுத்துப் போடமாட்டார்.

ஆபீஸுக்குள்ளிருந்து வெளியே போகவும் இதே பங்கு உண்டு. 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில், ஒரு கம்ப்யூட்டரின் இன்டர்நெட் இணைப்பை மற்ற கம்ப்யூட்டர்களும் பயன்படுத்தலாம். ஒரு மோடம், நாலு பேர், நாலு பேரின் திட்டு.

சரி, பில்லுக்கு வருவோம். இந்த சர்வர்களில் 'கால்பேக்' என்றொரு வசதி இருந்தது. நீங்கள் டயல் செய்வீர்கள், சர்வர் உங்களை அடையாளம் கண்டுகொண்டு லைனைத் துண்டிக்கும், பிறகு அதுவே உங்களைத் திருப்பிக் கூப்பிடும். முன்பே பதிவு செய்த நம்பருக்குத்தான் கூப்பிடும் என்று வைத்துவிட்டால், பாஸ்வேர்டைத் திருடியவன் வேறு இடத்திலிருந்து நுழைவது கஷ்டம். கூடவே இன்னொன்றும் நடக்கும்: போன் பில் ஆபீஸுக்குப் போய்விடும்.

என் அப்பா 1999-ல் ஒரு நூல் கம்பெனியின் திருப்பூர் கிளையில் அக்கவுண்டன்ட். அன்றன்றைய வவுச்சர் விவரங்களை மோடம் வழியாக சென்னைக்கு அனுப்ப வேண்டும். எஸ்.டி.டி. கட்டணம் இரவில் குறைவு என்பதால் பத்து மணி வரை காத்திருந்து டயல் செய்வாராம். பில், கிளையின் கணக்கில் ஏறும். பாதுகாப்புக்காகத் தலைமை ஆபீஸில் கால்பேக் போட்டார்கள். பில் அவர்கள் கணக்குக்கு மாறியது. இரண்டே மாதத்தில் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது: "தினமும் வேண்டாம், வாரம் இரண்டு முறை அனுப்பினால் போதும்." அப்பா அதற்குப் பிறகுதான் வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தார் என்று அம்மா சொல்வார்.

செலவு யார் தலையில் விழுகிறதோ, அவர்தான் சிக்கனம் பார்ப்பார். எங்கள் காஸ்டிங் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் முழுக்கச் சொல்வது இதைத்தான்.

போன விடுமுறையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இன்டர்னாக இருந்தேன். வேலை வீட்டிலிருந்து, வி.பி.என். வழியாக. ஒரே ஸ்கேன் ஃபைலை மூன்று முறை கேட்பார்கள், இரவு பதினொரு மணிக்கும் கேட்பார்கள். என் டேட்டா பேக் மதியத்துக்குள் காலியாகிவிடும். டாப்-அப் என் காசு, கரண்ட் அப்பா காசு. அந்த ஆபீஸின் எந்த லெட்ஜரிலும் இந்தச் செலவு இல்லை, அதனால் கேட்பதற்கும் கணக்கில்லை.

அமெரிக்காவில் ஏ.ஓ.எல். தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30-ல் நிறுத்திவிட்டது. மோடம் போனதில் எனக்கு வருத்தமில்லை. கால்பேக் போனதில்தான் வருத்தம். அடுத்த வேலையில் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே, நெட் பில் யார் கட்டுவது என்றும் கேட்கப் போகிறேன். நீங்களும் கேளுங்கள்.